ரேகை விழல, அப்பு

வா பேராண்டி, உக்காரு. அந்த மூலையில வேணாம், இந்தத் தூண் பக்கம் தள்ளி வா. அந்த மூலை நீ பெங்களூர்ல இருந்து வாங்கியாந்து மாட்டுன கேமராவுக்குத் தெரியும். இந்தத் தூண் மறைவு தெரியாது. பதினஞ்சு நாளா அளந்து பாத்துக் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். வெத்தலையில துளியூண்டு போயிலை வச்சா, நீ அங்கன ஆபீசுல உக்காந்துக்கிட்டு, "சியான், வாயில என்ன?"ன்னு அந்தப் பெட்டிக்குள்ள இருந்து கேக்குற. கட்டுன பொண்டாட்டிக்கே பயப்படாத மனுசன், ஒரு எலுமிச்சங்கா அளவு கண்ணுக்குப் பயந்து 78 வயசுல தூணுக்குப் பின்னால ஒளியிறேன்.

கோவிச்சுக்காத. கேமரா நல்லதுன்னுதான் நானும் சொல்றேன். ஒங்க அப்பத்தாளைக் கேட்டுப் பாரு. சாயங்காலம் அஞ்சு மணியானா முகம் கழுவி, பவுடர் போட்டு, அதுக்குக் கீழ போய் நின்னு அண்ணாந்து பாத்து, "சாப்பிட்டியாய்யா?"ன்னு கேக்குறா. நீ மீட்டிங்கில இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி, அவ நின்னு கேட்டுட்டுத்தான் வருவா. தெருவுல போறவளுக எல்லாம் கிழவிக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டாளுக. போன மாசம் மேலத்தெருவுல ஆடு களவாண்டவனைக் கடைக்காரன் கேமராதான் காட்டிக் கொடுத்துச்சு. அதையும் நான் மறுக்கல.

ஆனா நேத்து ராத்திரி சோத்துல கை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்ன பாரு, "நாம என்ன தப்பா பண்றோம் சியான், மறைக்க ஒண்ணுமில்ல, கவர்மெண்டு பாத்தா பாத்துட்டுப் போகட்டும்"னு. எம்புட்டு ஒசந்த மனசு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்பறம் ஏன்டா பொண்ணு பாக்கப் போன எடத்துல சம்பளத்தைப் பதினஞ்சாயிரம் கூட்டிச் சொன்ன? ஒங்க சித்தப்பன் கடன் கேட்டப்ப பத்தாயிரம் கொறச்சுச் சொன்ன? ரெண்டும் தப்பில்ல. ஆளுக்குத் தக்கன சொல்றது மனுசனுக்கு இருக்கிற உரிமை. எவனுக்கு எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு நம்ம கையில இருக்கிற வரைக்கும்தான் நாம பெரிய மனுசன். அந்த ரெண்டு சம்பளத்தையும் ஒரே பேப்பர்ல போட்டு ஒம் மாமனார் கையிலயும் சித்தப்பன் கையிலயும் ஒருத்தன் கொடுத்தான்னு வச்சுக்க. நீ தப்புப் பண்ணாதவன்தான். ஆனா ஊருக்குள்ள வருவியா?

சரி, அதை விடு. ரேசன் கடைக் கதையைச் சொல்றேன்.

போன வாரம் அரிசி வாங்கப் போனேன். மெசின்ல விரலை வையிங்கன்னான் அந்தப் பய. வச்சேன். "ரேகை விழல"ன்னான். வேட்டியில தொடச்சிட்டு வச்சேன். விழல. தேங்காயெண்ணெய் தேச்சுப் பாருங்கன்னு வரிசையில நின்ன பொம்பளை ஒருத்தி வைத்தியம் சொன்னா. இன்னொருத்தி மஞ்சத்தூள்ன்னா. பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சு, ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி ஆகிப்போச்சு. மெசின் என்னைய நான் இல்லன்னு சொல்லிருச்சு. அந்தப் பய யாரு? நான் தூக்கி வளத்த பய. அவுக அப்பன் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன் நான். என்னைய ஏற எறங்கப் பாத்து, "ஒங்களைத் தெரியும் தாத்தா, ஆனா மெசினுக்குத் தெரியல"ங்கிறான்.

சிரிக்காத. அறுபது வருசம் மம்பட்டியும் கலப்பையும் பிடிச்ச கையிடா. ரேகையெல்லாம் கம்மாய்க் கரையிலயும் கரட்டுக் காட்டுலயும் தேஞ்சு கெடக்கு. அதான் ஒனக்கு மொத புத்திமதி: ஒழைக்காத. மண்ணைத் தொடாத, ஏனம் வெளக்காத, செங்கல் தூக்காத. விரலைப் பஞ்சுல பொதிஞ்சு வையி. ஒழைச்சவன் யாருன்னு மெசினுக்குத் தெரியாது. சும்மா இருந்தவனுக்குத்தான் ரேகை பளிச்சுன்னு விழுகும்.

கடைசியில ஓடிபி வரும்னான். அந்த நம்பரு ஒன்னோடது. நான் மந்தையில வெயில்ல நிக்கிறேன், என் அரிசி பெங்களூர்ல ஒஞ் சட்டைப் பையில கெடக்கு. நீ மீட்டிங்கில இருக்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டு, நம்பர் சொல்லி, அரிசி வாங்கியாந்தேன். அதை ஒங்க அப்பத்தா புழுங்கலா பச்சையான்னு கேட்டு ஒரு பாட்டம் திட்டுனா, அது தனிக் கதை.

திரும்பி வர்ற வழியிலதான் எங்க சியான் ஞாபகம் வந்துச்சு. ஒனக்கு முப்பாட்டன்.

அவரு காலத்துலயும் விரலைக் கேட்டாய்ங்க. வெள்ளைக்காரன் 1871-ல வடக்க ஒரு சட்டம் போட்டான், குற்றப் பரம்பரைச் சட்டம்னு. பொறக்கும்போதே திருட்டுச் சாதின்னு சில கூட்டத்தை எழுதி வச்சுக்கிட்டான். 1911-ல அதைத் திருத்தி மெட்ராஸ் ராஜதானிக்கும் கொண்டாந்தான். 1914-ல கீழக்குயில்குடியில ஆரம்பிச்சு, அப்பறம் நம்ம பக்கத்துப் பிறமலைக் கள்ளர் மேல மொத்தமாப் போத்துனான். எங்க ஆளுக அதுக்கு வச்ச பேரு ரேகைச் சட்டம். பத்து விரலையும் மையில முக்கி எடுத்துருவான். பதிஞ்ச ஆம்பளை ராத்திரியானா ஸ்டேசன்லயோ சாவடியிலயோ போய்ப் படுக்கணும். வெளியூர் போகணும்னா ராத்திரிச் சீட்டு வாங்கணும். புது மாப்பிள்ளையா இருந்தாலும் பொண்டாட்டியை வீட்டுல விட்டுட்டுச் சாவடியில போய்க் கொறட்டை விடணும்னு எங்க சியான் சொல்லுவாரு. சொல்லும்போது சிரிப்பாரு. ஆனா சிரிப்பு கண்ணுக்கு ஏறாது.

பெருங்காமநல்லூர்க்காரக மட்டும் விரலைத் தர மாட்டோம்னுட்டாக. 1920, ஏப்ரல் 3. போலீசு வந்துச்சு. விரலை நீட்டுன்னான். நீட்டல. சுட்டான். 16 பேரு செத்தாக. அதுல ஒரு பொம்பளை, மாயக்காள். அடிபட்டுக் கெடந்தவுகளுக்குத் தண்ணி கொண்டுட்டுப் போனவுகன்னு சொல்லுவாக. இன்னைக்கும் அங்க நினைவுத்தூண் நிக்கிது. நீ பஸ்ஸுலயே போய்ப் பாத்துட்டு வரலாம், தூரமில்ல.

அந்தச் சட்டத்தை மெட்ராஸ் மாகாணத்துல 1947-ல எடுத்தாக. நான் பொறந்ததும் அந்த வருசம்தான். அதனாலதான் எங்க சியான் என்னைத் தூக்கி விரல் விரலா எண்ணி முத்தம் கொடுப்பாராம். பத்தும் ஒனக்கே சொந்தம்டான்னு சொல்லுவாராம். பாவம் மனுசன். ரேசன் மெசின் வரும்னு அவருக்கென்ன தெரியும்?

இப்பப் பாரு கூத்தை. அன்னைக்கு விரலை எடுக்காதன்னு 16 பேரு செத்தாக. இன்னைக்கு அவுக பேரன், எள்ளுப்பேரன் எல்லாம் வரிசையில நின்னு, எண்ணெய் தேச்சு, மஞ்சள் தேச்சு, "ஐயா, எப்படியாச்சும் என் விரலை எடுத்துக்கங்க"ன்னு கெஞ்சுறோம். மெசின் வேணாங்குது. வெள்ளைக்காரனுக்குக் கூறு இல்லடா. துப்பாக்கியைக் காட்டிக் கேட்டான். அரிசியைக் காட்டிக் கேட்டிருந்தா அன்னைக்கே அம்புட்டு விரலும் அவன் மேசை மேல கெடந்திருக்கும்.

ஒண்ணு சொல்லிடுறேன், ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறான் கிழவன்னு நினைக்காத. அது அடிமைப்படுத்துறதுக்குன்னே வந்த சட்டம். இதுல கள்ளக் கார்டு கொறஞ்சிருக்கு, நடுவுல அரிசி தின்ன பெருச்சாளிக்கு வயிறு ஒட்டியிருக்கு. ஒத்துக்கிறேன். பெருச்சாளிக்கு வச்ச பொறியில நம்ம கோழிக்குஞ்சும் மாட்டும், அதைத்தான் பேசுறேன். 2017-ல ஜார்க்கண்டுல சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப் போச்சு. ஆதாரோட இணைக்கலன்னு ரேசன் கார்டை ரத்துப் பண்ணிட்டாக, சோறில்லாமச் செத்துச்சுன்னு வீட்டுல அழுதாக. இல்ல, மலேரியான்னு அரசாங்கம் சொல்லுச்சு. மலேரியாவாவே இருக்கட்டும். கார்டு ரத்தானதும் மலேரியாவா?

இந்த விரல் எடுக்கிற வித்தையே எங்க மொளைச்சுச்சுன்னு தெரியுமா? கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. படிப்பகத்துல நாலு பேப்பரு, எனக்குப் பொழுது மலை மாதிரி கெடக்கு, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு. வங்காளத்துல 1858-ல ஹெர்ஷல்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி. ரோட்டுக்குச் சல்லி தர்றேன்னு ஒப்பந்தம் போட்ட உள்ளூர் ஆளோட உள்ளங்கையை மையில முக்கி அந்தப் பேப்பர்ல வச்சு அமுக்குனாரு. எதுக்கு? அடையாளம் காணவா? இல்லடா. நாளைக்கு இது என் கையெழுத்தில்லன்னு அவன் மாத்திப் பேசிறக் கூடாதுன்னு, ஒரு மெரட்டலுக்கு. அவரே பின்னால எழுதி வச்சிருக்காரு. விரலு கேட்டது மொதல்ல பயத்துக்குத்தான், கணக்கெல்லாம் அப்பறம் வந்தது. 1897-ல கல்கத்தாவுல ரேகைக்குன்னே ஆபீசு தொறந்தாக, உலகத்துலயே மொதல்ல. கணக்குப் போட்டு வகை பிரிச்சது அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பேரு வாங்கிட்டுப் போனது ஹென்றி துரை. இதுல மட்டும் ஆளை மாத்தி அடையாளம் கண்டுட்டாய்ங்க.

நம்ம ஆதாரு 2010-ல மகாராஷ்டிராவுல ஒரு குக்கிராமத்துல ஆரம்பிச்சப்ப என்ன சொன்னாக? விருப்பப்பட்டா எடுத்துக்கலாம். ஒங்க அப்பத்தாவை நான் பொண்ணு பாக்கப் போனப்பவும் அப்படித்தான் சொன்னாக, விருப்பம் இருந்தா பேசிக்கலாம்னு. பாக்கு வெத்தலை மாத்துனப்பறம் எவன்டா விருப்பம் கேக்குறான்? மொதல்ல கேசு சிலிண்டரு. அப்பறம் ரேசன். அப்பறம் பேங்கு, பான் கார்டு, சிம்மு. ஒட்டகம் கூடாரத்துக்குள்ள மூக்கை வச்ச கதைதான். இப்ப நாம வெளியில நிக்கிறோம், ஒட்டகம் உள்ள இருந்து ஓடிபி கேக்குது.

ஒரு ஆளு மட்டும் விடல. கர்நாடகா ஹைகோர்ட்டுல ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆன புட்டசாமி. 2012-ல, 86 வயசுல, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 86 வயசுடா. அந்த வயசுல எனக்குக் கொல்லைக்குப் போக ரெண்டு பேரு தாங்கணும். அரசாங்கத்து வக்கீலு, அந்தரங்கம்னு ஒண்ணு அடிப்படை உரிமையே கெடையாதுன்னு வாதாடுனாரு. 2017 ஆகஸ்டு 24, ஒம்போது ஜட்ஜும் ஒண்ணா உக்காந்து, உண்டுன்னு சொல்லிட்டாக. ஒருத்தர் கூட மாத்திச் சொல்லல. இதுல ஒரு ருசியான சேதி இருக்கு. எமர்ஜென்சியில, 1976-ல, ஆளைப் பிடிச்சு உள்ள போட்டா கோர்ட்டுக்கு வந்து கேக்க முடியாதுன்னு நாலு ஜட்ஜு சொன்னாகல்ல, அதுல ஒருத்தர் ஒய்.வி. சந்திரசூட். 2017-ல அது தப்புன்னு எழுதுனது அவரு மகன் டி.ஒய். சந்திரசூட். அப்பன் போட்ட முடிச்சை மகன் அவுக்க 41 வருசம். நம்ம வீட்டுல ஒங்க அப்பன் போட்ட முடிச்சை நீ எப்ப அவுப்பேன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

அடுத்த வருசம் செப்டம்பர்ல இன்னொரு தீர்ப்பு. பேங்குக்கும் சிம்முக்கும் ஆதாரு கட்டாயமில்ல, ரேசன் மாதிரி மானியத்துக்கும் பான் கார்டுக்கும் கேக்கலாம்னு. புரியுதா? கஞ்சிக்கு நிக்கிறவன் விரல் காட்டணும். புட்டசாமி 2024-ல, 98 வயசுல போய்ச் சேந்தாரு. நல்ல சாவு.

எமர்ஜென்சின்னதும் ஞாபகம் வருது. அப்ப நம்ம ஊரு சலூன்ல, டீக்கடையில ஒரு போர்டு தொங்கும், இங்கு அரசியல் பேசக்கூடாதுன்னு. அந்தப் போர்டுக்குக் கீழ உக்காந்துதான் அம்புட்டு அரசியலும் பேசுவோம். எவனாச்சும் ஆளு தெரியாதவன் உள்ள வந்தா மழையைப் பத்திப் பேசுவோம். இப்ப போர்டைக் காணோம். ஆனா பேச்சையும் காணோம். அவனவன் போனைப் பாத்துக்கிட்டு, வாட்ஸ்அப்புல வந்ததைப் படிச்சுட்டு, அனுப்பலாமா வேணாமான்னு கட்டை விரலைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருக்கான். போர்டு வாங்குற செலவு மிச்சம்.

போலீசுல 2021-ல மூஞ்சியைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் கொண்டாந்தாக. மெட்ராசுல தெருத்தெருவா கேமரா வச்சு அதுக்கு மூன்றாவது கண்ணுன்னு பேரும் வச்சாக. பேரு வச்ச புண்ணியவான் மதுரைப் பக்கம் வந்ததில்ல போல. நெத்திக்கண்ணைத் தொறந்து காட்டினப்பவும் தப்பு தப்புதான்னு நின்ன நக்கீரரு ஊருடா இது. சாமிக்கே ஒரு நக்கீரர் இருந்தாரு. இந்த மெசினு தப்பா ஆளைக் காட்டுனா அதுகிட்டப் போய்த் தப்புன்னு சொல்ல எந்தக் கவுண்டர்ல நிக்கணும்? 2024 மே மாசம் அந்த மென்பொருளுக்குள்ளயே எவனோ பூந்து வெவரத்தை அள்ளிட்டான்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. காவக்காரன் வீட்டுலயே களவு. அன்னைக்கு எங்களைத் திருட்டுப் பரம்பரைன்னு சொன்னாய்ங்க. இப்ப எவனைச் சொல்வாய்ங்க?

வள்ளுவரு ஒற்றாடல்னு ஒரு அதிகாரமே வச்சிருக்காரு, வாத்தியார் எடுத்துக் காட்டுனாரு. வேவு பாக்குறது ராசா வேலைன்னு ஒத்துக்கிறாரு. ஆனா ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபாருங்கிறாரு. எம்புட்டு சூதானம். அவரு ஒற்றனைத்தான் சந்தேகப்பட்டாரு. இப்ப மெசினை எவனும் சந்தேகப்படல, விரலு தேஞ்ச கிழவனைத்தான் சந்தேகப்படுறாய்ங்க.

நூறு நாள் வேலைக்குப் போன ஒங்க அத்தைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டா எடுத்தாக, போன்ல. 2023-ல இருந்து எல்லா எடத்துலயும் கட்டாயம்னுட்டாக. காலையில ஒரு போட்டா, மத்தியானம் ஒரு போட்டா. அவ கல்யாணத்துலயே மொத்தம் மூணு போட்டாதான் எடுத்தோம். சிக்னல் கெடைக்காத நாள்ல, வெட்டுன மண்ணு குழியாக் கெடந்தாலும் வேலை செஞ்சதுக்குச் சாட்சி இல்ல.

இன்னும் ஒரு சேதி கேளு. 1920-லயே, பெருங்காமநல்லூர்ல சுட்ட அதே வருசம், கைதிகளை அடையாளம் காணுற சட்டம்னு ஒண்ணு போட்டிருந்தான் வெள்ளைக்காரன். 2022-ல அதைத் தூக்கிட்டுப் புதுசு கொண்டாந்தாக. நூறு வருசப் பழசை மாத்துறாகளேன்னு சந்தோசப்பட்டேன். பாத்தா, விரலு, பாதத்தோட உள்ளங்கை, கருவிழி, கையெழுத்துன்னு பட்டியல் நீண்டிருக்கு. எடுத்ததை 75 வருசம் வச்சிருப்பாகளாம். எனக்கு இன்னும் 75 வருசத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது கவர்மெண்டு ஒண்ணுதான், எல்ஐசி கூடக் கொடுக்கல. விடுதலை ஆனா அழிச்சிருவாகளாம், கோர்ட்டு வேற மாதிரி சொல்லாட்டி. அழிச்சாகளான்னு எவன் போய் எட்டிப் பாக்குறது?

ஒந் தகவலை எவனும் தொடக் கூடாதுன்னு 2023-ல ஒரு சட்டம் வந்துச்சுன்னு நீதான் பெருமையாச் சொன்ன. நானும் வாத்தியாரை விட்டுப் படிக்கச் சொன்னேன். அரசாங்கம் நினைச்சா தன்னோட ஆபீசுகளுக்கு விலக்குக் கொடுத்துக்கலாம்னு அதுலயே எழுதியிருக்கு. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தையும் ஒரு எடத்துல திருத்தி, அடுத்தவன் சொந்த விசயம்னா சொல்ல வேண்டியதில்லன்னு இறுக்கிட்டாக. நம்ம வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னு அவுகளுக்குத் தெரியலாம். அவுக பஞ்சாயத்துல எந்தக் காண்ட்ராக்டர் எம்புட்டு வாங்குனான்னு நாம கேட்டா, அந்தரங்கம். அந்த அந்தரங்கத்துக்குத்தான் புட்டசாமி 86 வயசுல கோர்ட்டு ஏறுனாரா?

சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. நான் என்ன, ஆதாரைக் கிழிச்சுப் போடுன்னா சொல்றேன்? அரிசி வேணும்ல. அடுத்த வாட்டி வரும்போது நீயே கூட்டிட்டுப் போ, மறுபடி விரலை வைக்கிறேன். ஆனா நீ படிச்சவன், ஒண்ணு செய்யி. எவன் எந்தக் கார்டைக் கேட்டாலும், எந்த விரலைக் கேட்டாலும், கொடுக்கிறதுக்கு முன்னால சும்மா ஒரு தடவை "எதுக்குங்க?"ன்னு கேளு. கோவப்படாம, சிரிச்சுக்கிட்டே கேளு. லாட்ஜுல கேளு, சிம்மு கடையில கேளு, ஒங் கம்பெனி வாசல்ல மூஞ்சியைக் காட்டச் சொல்றானே அங்கயும் கேளு. முக்காவாசிப் பேருக்குப் பதில் தெரியாது. மேல கேட்டுச் சொல்றேம்பான். மேல கேக்கட்டும். அப்படியே மேல மேல போயி எங்கயாச்சும் ஒருத்தன் தலையைச் சொறிஞ்சான்னா எங்க சியானுக்கு நான் தெவசம் கொடுத்த மாதிரி.

மணி எட்டரை ஆச்சு, ஒம்போது மணி பஸ்ஸை விட்றாத. ஊறுகா டப்பாவை மறக்காம எடுத்துக்க. நாளைக்கு ஆபீசுல இருந்து பாக்கும்போது இந்தத் திண்ணை இருட்டா இருக்கும். கேமரா கெட்டுப் போச்சுன்னு ஆளை அனுப்பாத. அது என் துண்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுத்திருவேன், ஒங்க அப்பத்தா வர்ற நேரம்.